நாகைச் சத்திரம் முதல் தென்னமரம் தோட்டம் வரை
(பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு கனமான தலைப்பு வேண்டாம், புத்தகப் பிரியர்கள் வாய்விட்டுச் சிரிக்கும்படி இலக்கியத் துணுக்குகள் சொல்லுங்கள் என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். துணுக்கைச் சில்லறைச் சரக்கு என்று நினைப்பவன் அல்லன் நான். ஒரு புலவரைப் பற்றி ஊரார் கதை சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றால், அவர் இன்னும் அந்த ஊரில் குடியிருக்கிறார் என்று அர்த்தம்.

காளமேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்குப் பசியோடு போய் உட்காருகிறார். நேரம் போகிறது, இலை விழவில்லை. ஊர் உறங்கிய பிறகுதான் சோறு வருகிறது. புலவர் வெண்பா ஒன்று பாடிவிட்டார். இந்தச் சத்திரத்துக்குப் பொழுது சாயும்போதுதான் அரிசி வரும். அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊரே அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும் நேரம் விடிவெள்ளி முளைத்துவிடும். இதுதான் பாட்டின் செய்தி. காத்தான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கிறார். புலவர் மனம் இளகிவிட்டார். ஆனால் பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, பொருளை மட்டும் மாற்றிச் சொன்னார். நாட்டில் அரிசியே இல்லாத பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து இறங்கும்; உலையில் போட்டால் ஊரார் பசியெல்லாம் அடங்கும்; இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன்னால் வானத்து வெள்ளியும் மங்கிப்போகும். வசை வாழ்த்தாகிவிட்டது. காத்தான் சத்திரம் இன்று எங்கே? சாப்பாடு தாமதமானதால் மட்டுமே அந்த மனிதர் பெயர் பல நூற்றாண்டு நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட புலவர் கதைகளையெல்லாம் சேர்த்து அஷ்டாவதானம் வீராசாமி செட்டியார் ‘விநோதரச மஞ்சரி’ என்ற நூலை 1876இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் என்று நாம் கொண்டாடும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்தது 1879இல். ஆக, தமிழில் நாவல் அச்சேறுவதற்கு முன்பே இலக்கியத் துணுக்குகளுக்கு ஒரு புத்தகம் வந்துவிட்டது. அந்த நாவலிலும் கதையை நகர்த்துவது பாதி வேடிக்கைச் சம்பவங்கள்தாம். நம் உரைநடை சிரித்துக்கொண்டே நடை பழகியது என்று துணிந்து சொல்லலாம்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அழுகை இரண்டாவது. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் கடைசி இரண்டின்மேல் நமக்குத் தனிப் பிரியம். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நினைத்துப் பாருங்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்தவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்கியவர்கள். இந்தக் கதையைப் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மொழிபெயர்ப்போடு 1822இல் லண்டனில் அச்சிட்டார். இத்தாலியில் பிறந்த பாதிரியார் தமிழில் எழுத, அதை இங்கிலாந்தில் அச்சுக் கோத்து, தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர்கள் பாடமாகப் படித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு அதே பரம்பரை. தான் செய்யும் அசட்டுத்தனமெல்லாம் துப்பறியும் மூளையாகத் தெரிந்து பேர் வாங்கிவிடும் சாம்புவைப் படித்து, ஈப்போவிலும் கிள்ளானிலும் நம் தாத்தாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். கம்பருக்கும் ஒட்டக்கூத்தருக்கும் நடந்த போட்டியைப் பற்றி ஒரு கதை சொல்லச் சொன்னால் இந்த அரங்கில் பாதிப்பேர் கை தூக்குவீர்கள். கல்கி பற்றி, கண்ணதாசன் பற்றிக் கேட்டாலும் கதை வரும். மலேசியாவில் எழுதிய ஒருவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றால்? க. வெங்கடரத்தினம் 1917இல் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ எழுதினார், இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் அது என்று மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர், யாரோடு சண்டை போட்டார், எதைச் சொன்னால் சிரிப்பார் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் இலக்கிய வரலாறு பெயரும் ஆண்டும் பரிசுமாக இருக்கிறது. பெயருக்குப் பின்னால் நிற்கும் மனிதரைக் காணோம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. இந்த மண்ணில் துணுக்குக்கு ஒன்றும் பஞ்சமில்லை என்று காட்டத்தான் இன்று மாலை வந்திருக்கிறேன்.

முதலில் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வந்து முடியும் ஓர் அச்சுக் கதையிலிருந்து தொடங்குவோம். அச்சேறிய முதல் தமிழ்ப் புத்தகம் எது என்று வினாவிடைப் போட்டிகளில் கேட்பார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்று சொன்னால் மதிப்பெண் உண்டு. 16 பக்கச் சிறுநூல். ஆனால் அதற்கும் முன்னால் 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது! தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்களே என்று வருந்தும் பெரியவர்களிடம் இந்த 1554ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். தமிழ் அச்சுக்கலையே அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்படிப்பட்ட பழைய அச்சு நூல்களைத் தேடித் திரிந்தவர் தனிநாயகம் அடிகள். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இதே கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூட்டியவர். அந்தோம் தெ ப்ரொயென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்று கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சானது. தொகுத்தவர் 1666இலேயே காலமாகிவிட்டார். தன் அகராதியை அவர் அச்சில் பார்க்கவேயில்லை. பிரதிகளும் காலப்போக்கில் காணாமற்போயின. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு அடிகளார் அதை உள்ளது உள்ளபடியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். எந்த ஊரில்? இங்கே, கோலாலம்பூரில், 1966இல். கேரளத்தில் பிறந்து ரோமாபுரியில் உறங்கிய ஒரு தமிழ் அகராதி 287 ஆண்டு கழித்து நம் ஊரில் கண்விழித்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த காரியம் இது. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்?

அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்ந்த கதையும் சொல்லத் தக்கது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்றார். மரம் சீவியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் தங்கள் வாழ்நாளில் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அங்கே போய்ச் சங்க இலக்கியத்தை எடுத்துப் புரட்டுகிற மாணவர் ஒவ்வொருவரும் யாரோ ஒரு பால்மரத் தொழிலாளியின் ஒரு வெள்ளியைப் புரட்டுகிறார்.

இனி கு. அழகிரிசாமிக்கு வருகிறேன். இடைசெவல் கிராமத்துக்காரர், 1923இல் பிறந்தவர், தமிழ்ச் சிறுகதையின் சிகரங்களில் ஒருவர். 1953இல் கோலாலம்பூர் வந்து தமிழ் நேசனில் வேலை பார்த்தார். 1957 வரை நம்மோடு இருந்தார். அவர் வருவதற்கு முன்பே 1950–51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தியிருந்தார்கள். ஒரு நாளிதழ் தன் வாசகர்களை மாணவர்களாக உட்காரவைத்துச் சிறுகதை எழுதச் சொல்லிக்கொடுத்தது. வாத்தியார் இருவருக்கும் ஒரே பெயர். வகுப்பறை செய்தித்தாள், மாணவர்கள் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துக் கடைகளிலும். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு பள்ளிக்கூடம் நடந்ததாக நான் படித்ததில்லை. அந்த வகுப்பு உழுதுவைத்த நிலத்துக்கு அழகிரிசாமி வந்து சேர்ந்தார்.

அவருடைய ‘அன்பளிப்பு’ கதையைப் புத்தகப் பிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் வந்து, பத்திரிகையில் வேலை பார்க்கும் கதைசொல்லியை எழுப்பிவிடுகிறார்கள். அலமாரியைக் குடைந்து புத்தகங்களை வாரி இறைக்கிறார்கள். புத்தகம் சேர்ப்பவர்களுக்கு அந்தக் காட்சியைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும், சிரிப்பும் வரும். ஸாரங்கன் என்ற பையன் வால்ட் விட்மன் கவிதைப் புத்தகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். உனக்கு அது புரியாது என்று மறுத்துவிடுகிறார். பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு டைரி பரிசளிக்கும்போது அவன் விடுபட்டுப்போகிறான். அடுத்த ஞாயிறு அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், உப்புமாவும் காப்பியும் கொடுத்து உபசரித்து, கடைசியில் தன் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து நீட்டி, எழுதுங்கள் என்கிறான். தனக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதவேண்டிய வாசகத்தையும் அவனே சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். வேடிக்கைபோல ஆரம்பித்த கதை அந்த இடத்தில் நெஞ்சை அடைத்துவிடும். தொல்காப்பியர் சொன்ன நகையும் அழுகையும் அடுத்தடுத்து வருவது ஏன் என்று அப்போது விளங்கும். இந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குத்தான் 1970ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் அதே ஆண்டு காலமாகிவிட்டார். தன் கையால் வாங்கவில்லை.

அழகிரிசாமியின் உயிர்த்தோழர் கி. ராஜநாராயணன். ஒரே ஊர்க்காரர்கள். மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அப்படி ஒதுங்கிய நேரத்திலும் பாடத்தைக் கவனிக்காமல் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் கி.ரா. அவரைத்தான் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. இதைச் சொன்னால் சிரிக்காதவர் இல்லை. கி.ரா. பற்றிய துணுக்குகளைத் தமிழ்நாட்டார் நூல் நூலாகத் தொகுத்துவிட்டார்கள். அழகிரிசாமி நம் நகரத்தில் வாழ்ந்த நாட்களைப் பற்றி நாம் தொகுத்தது எவ்வளவு? எந்தக் கடையில் தேநீர் குடித்தார், யாருடைய கதையைத் திருத்தினார், எந்தத் தோட்டத்துக்கு எழுத்தாளர்களைத் தேடிப் போனார்? தமிழ்ச் சிறுகதை மேதை ஒருவர் நம்மோடு நான்காண்டு இருந்திருக்கிறார். நாமோ அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு வார இதழ்கள் இங்கு எப்படி வந்தன? ரஜூலா போன்ற கப்பல்களில், நாகப்பட்டினத்தில் ஏற்றி, நாம் இன்று கிள்ளான் துறைமுகம் என்று சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறக்கி. காளமேகம் பசியோடு உட்கார்ந்த அதே நாகைதான். சாப்பாடு தாமதமானதுபோல் விகடனும் கல்கியும் தாமதமாகத்தான் வந்தன. பொன்னியின் செல்வன் 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடியபோது, வந்தியத்தேவனுக்கு என்ன ஆயிற்று என்று மதராஸ்காரருக்குத் தெரிந்த பிறகும் மலாயாக்காரர் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுதி ஒன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். கெட்டி அட்டை, முதுகில் காலிகோ துணி, ஓரங்களில் கோதுமைப் பசையைத் தின்ற பூச்சியின் துளைகள். கதை நடுவில் திடீரென்று ஒரு தலைவலித் தைல விளம்பரம். இன்னொரு பக்கத்தின் முதுகில் ஒரு மாமியார் நகைச்சுவையின் முதல் பாதி மட்டும் இருக்கிறது. மறு பாதி பிணைக்கும்போது வெட்டுப்பட்டுவிட்டது. அதன் ஓரத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் தானே ஒரு பதில் எழுதி நகைச்சுவையை முடித்து வைத்திருக்கிறார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், ‘சுமார்’ என்று ஒரு மதிப்புரை! இரவல் கைமாறிய வீடுகளில் ஒருவருக்கொருவர் முகம் தெரியாத வாசகர்கள் இப்படிப் பேசிக்கொண்டார்கள். எந்த இலக்கிய வரலாற்று நூலிலும் இந்தப் பென்சில் வரிகளுக்கு இடமில்லை. எனக்கு இவை ஓர் அணிந்துரையைவிடப் பெரிதாகத் தெரிகின்றன.

பொன்னியின் செல்வன் முடிந்தபோதும் வாசகர்கள் அதை எழுதிய கல்கியைச் சும்மா விடவில்லை. அவர் என்ன ஆனார், இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொல்லவேண்டியதாயிற்று. ஐந்து பாகம் எழுதிய பிறகும் வாசகருக்குப் பாக்கி!

பத்திரிகை என்றதும் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ நினைவுக்கு வருகிறது. சென்னைக்கு வந்த கடவுளைத் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாராக்கப் பார்க்கிறார் பிள்ளை. யாருடைய ஆயுள் என்ற கேள்வி எழுகிறது! இந்த இடத்தைப் படித்தால் மலேசியாவில் சிற்றிதழ் நடத்திய எவருக்கும் சிரிப்போடு பெருமூச்சும் வரும். நம் நாட்டில் ஆரம்பித்த எத்தனையோ இதழ்களுக்கு ஓராண்டுச் சந்தாவே ஆயுள் சந்தாவாக முடிந்திருக்கிறது. நேசன் மட்டும் 1924இல் பிறந்து 2019 தொடக்கம் வரை உயிரோடு இருந்தது. அதன் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களும் அச்சுக் கோத்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஈய எழுத்துக் காலத்தில் ஒரு புள்ளி விழுந்து ஒரு பிரமுகரின் பட்டமே மாறிப்போன கதைகள் அவர்களிடம் கூடை கூடையாய் இருக்கும்.

வெள்ளைக்காரர் எழுதியதிலும் நம் நாட்டுக்குப் பங்குண்டு. அந்தோணி பர்ஜஸ் கோலகங்சாரில் ஆசிரியராக இருந்து எழுதிய முதல் நாவலுக்கு, 1956இல், ஒரு பீர் விளம்பர வாசகத்தையே தலைப்பாக வைத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் கதை. சிலாங்கூரில் தோட்டத் துரை. 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டவர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை தன் மலேசிய வாழ்வைத் தமிழ்ப் பெயரில், அதுவும் தென்னையின் பெயரில் ஆரம்பித்தது! அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கொங்கூர் கிடைத்தது. நம் தோட்டத் தமிழர்கள் நடமாடும் ஒரு நாவல் பாரிசில் பரிசு வாங்கியிருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பக்கமாகக் காரில் போகும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தமிழில் அந்தக் காலத்து மலாயாவைச் சிரிப்போடு எழுதியவர் ப. சிங்காரம். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் புத்தகமானது. போர்க்கால நாவல்தான். ஆனால் பினாங்கில் நண்பர்கள் கூடிக் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையையும் இலக்கியத்தையும் கேலியும் கிண்டலுமாக அலசும் பகுதிக்கு ஈடாகத் தமிழ் நாவலில் வேறொன்றை நான் சொல்லமாட்டேன். தமிழை நன்றாகப் படித்தவன்தான் அப்படிக் கேலி செய்ய முடியும்.

கவிதைப் பக்கம் முரசு நெடுமாறன் ஒரு பெரிய காரியம் செய்தார். 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் தொகுத்து 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ கொண்டுவந்தார். அப்பா பழைய தாள்களில் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்க, மகன் முத்து நெடுமாறன் கணினிக்குத் தமிழ் எழுத்தை வடித்துக்கொண்டிருந்தார். ஆப்பிள் கணினிகளில் வரும் ‘இணைமதி’ எழுத்துரு அவர் செய்தது. எங்கோ கனடாவில் ஒருவர் மேக்கில் குறுந்தொகை படிக்கிறார் என்றால், அது மலேசியத் தமிழர் வடித்த எழுத்தாக இருக்கக்கூடும். இது துணுக்குத்தான். ஆனால் இதைக் கேட்ட பள்ளி மாணவன் அடுத்த முறை திரையைப் பார்க்கும் பார்வையே வேறு.

சங்கப் புலவர்களில் சிலருக்கு இயற்பெயரே தெரியாது. குப்பைக்கோழியார், விட்டகுதிரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று, பாட்டில் வைத்த உவமையே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. பெயர் தெரியாத புலவரைக்கூட அடையாளமில்லாமல் விடத் தொகுத்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. நாமோ பெயர் தெரிந்தவர்களின் கதைகளையே கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இந்த அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். இங்கு மாதந்தோறும் இலக்கியக் கூட்டம் நடக்கிறது. தலைமையுரைக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். யாராவது ஒருவர் எழுந்து, மலேசிய எழுத்தாளர் ஒருவரைப் பற்றித் தமக்கு நேரில் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லட்டும்: எந்த ஊர், எந்த ஆண்டு, உடன் யார் இருந்தார்கள் என்ற விவரத்தோடு. சிரிப்புக்காகக் கூட்டிச் சொல்லவேண்டாம். நடந்தது நடந்தபடி இருந்தாலே போதும். அதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும், ஒலிப்பதிவும் செய்யட்டும். ஆண்டு முடிவில் சிறு நூலாகப் போடுங்கள். முதல் நூலின் அச்சுச் செலவில் ஒரு பங்கு என்னுடையது.

யாரிடம் முதலில் போவது என்று கேட்டால், அச்சுக்கூடத்துப் பெரியவர்களிடம் போங்கள். எழுத்தாளரின் கையெழுத்தும் கோபமும் கடைசி நேரத் திருத்தமும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகையால் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் காத்திராமல், வருகிற ஞாயிறே இரண்டு இளைஞர்கள் ஒரு நோட்டோடு கிள்ளானுக்குப் புறப்படுங்கள். வீட்டு விலாசத்தை நான் தருகிறேன்.